சித்தப்பாவின் கொட்டகையில் ஓர் உலை

ஜூன் 3

மதிப்புக்குரிய சித்தப்பாவின் மேலான கவனத்துக்கு,

உலகில் உள்ள சித்தப்பாக்கள் அனைவருக்கும், குறிப்பாகக் கப்பலில் இருக்கும் ஒரே ஒருவருக்கும், இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நேற்று மாலை நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையின் தாழ்ப்பாள் திறந்தது. எண்ணெய் ஊற்றினோம், கெஞ்சினோம், கடைசியில் ஓர் உதை. வரலாறு உதையை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

நான் நலம். அம்மா நலம். அம்மா ஓட்டும் பள்ளி வேனும் நலம். பிரேக் மட்டும் அவ்வப்போது இருமுகிறது. உங்கள் உடம்பும் கப்பலின் இன்ஜினும் எப்படி இருக்கின்றன?

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன விடுமுறையில் உங்கள் கேப்டன் குரலில் பேசி உங்களை நாலு நாள் முன்னதாகவே துறைமுகத்துக்கு ஓட வைத்த பிறகு, "இனிமே உன் குரலை நம்ப மாட்டேன், எதுவா இருந்தாலும் கையால எழுது" என்று தீர்ப்பு வழங்கிவிட்டீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

மனை வாங்கும்போது அதோடு சேர்ந்து வந்த வெறும் ஓட்டுக் கொட்டகை என்றுதானே நினைத்திருந்தீர்கள்? உள்ளே ஒரு கொல்லர் உலை இருக்கிறது. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை, நடுவில் நெருப்புக் குழி, மேலே புகைக்கூண்டு. மரக்கட்டை மேல் ஒரு பட்டறைக்கல், பெயர்தான் கல், மொத்தமும் இரும்பு. சுவரில் வாய் திறக்க மறுக்கும் ஏழெட்டுக் குறடுகள். உள்ளே இருப்பதெல்லாம் துரு. உள்ளே போனவன் துருதுரு. பொருத்தம் பார்த்தீர்களா?

பள்ளிப் படிப்புதான் முடிந்துவிட்டதே; இதைச் சரிசெய்து, கற்றுக்கொண்டு, கொல்லனாவது என்று முடிவாகியிருக்கிறது. எனக்குச் சூடு சொரணை இல்லை என்பீர்களே, சூடு வரப்போகிறது. சொரணை அடுத்த வண்டியில் வரும்.

கடலளவு அன்புடன்,
வால்


ஜூன் 21

டேய் வால்,

நலம். இன்ஜின் என்னைவிட நலம். அண்ணியின் தோள்வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

உன் கடிதம் வந்த அதே தபாலில் டயர்க்காரரின் கடிதமும் வந்தது. பழைய டயர்களை அடுக்கிவைக்க அந்தக் கொட்டகையை வாடகைக்குக் கேட்கிறார். இரண்டு வருடமாகக் கேட்கிறார், பாவம். உலை இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதன் மேலேயே டயரை அடுக்கச் சொல்லியிருப்பேன்.

சரி, உன் ஆசையையும் ஏன் கெடுக்க வேண்டும். வருடக் கடைசியில் விடுமுறைக்கு வருவேன். அதற்குள் அந்த உலையிலிருந்து ஒரு பொருளாவது வெளியே வந்து, நம் வீட்டு ஆள் அல்லாத ஒருவர் அதை வைத்து வேலை செய்ய வேண்டும். அப்படி நடந்தால் கொட்டகை கொட்டகையாகவே இருக்கும். இல்லாவிட்டால் டயர்.

ஒரு கண்டிஷன். அண்ணியை அந்தப் பக்கம் விடாதே. புகையும் பாரமும் அவருக்கு ஆகாது. நீ தலைகீழாக நின்று என்ன வேண்டுமானாலும் பண்ணு. கண்ணுக்குக் கண்ணாடி போடு. பருத்திச் சட்டை போடு; நைலான் உருகி உடம்போடு ஒட்டிவிடும்.

உன் சித்தப்பா


ஜூலை 15

அன்புச் சித்தப்பா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் தோள்வலி போன இடம் தெரியவில்லை. எப்படிப் போனது என்று மருத்துவருக்கே ஆச்சரியம்.

வேலை முன்னேற்ற அறிக்கை. புகைக்கூண்டுக்குள் ஒரு பறவைக் கூடு. காலி செய்து போய்விட்ட குடும்பம்தான், பயப்படாதீர்கள். நெருப்புக் குழியின் உள்பக்கத்தைக் களிமண்ணும் மணலும் குழைத்துப் பூசியாயிற்று. முதல் பூச்சு வெடித்தது, அவசரமாகக் காயவைத்ததால். இரண்டாவதை ஈரச் சாக்குப் போட்டு நிதானமாகக் காயவிட்டதில் கோழிமுட்டை மாதிரி வழவழவென்று நின்றது.

அடுத்தது காற்று. உலைக்குக் கீழிருந்து காற்று ஊதினால்தான் கரி கனியும். ஊத ஒரு கைவிசிறி இருக்கிறது, இரும்பு வயிற்றுக்குள் சக்கரம் வைத்தது, ஆனால் துருவேறி இறுகிப்போயிருந்தது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. வீட்டில் தூசி உறிஞ்சும் மெஷின் இருக்கிறதே, அதன் குழாயை உலையின் அடிவாயில் செருகி ஸ்விட்சைப் போட்டேன். அது ஊதும் துளை பின்பக்கம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் செருகியது உறிஞ்சும் பக்கம். கனிந்த கரி அத்தனையையும் அது ஒரே மூச்சில் குடித்தது. அப்புறம் ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்தில் தீ இருந்தது.

"அணைச்சிட்டேன்டா, கண்ணைத் திற" என்றாள் அம்மா, மண் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு. தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருந்தாள். தற்செயலாகத்தான்.

பிறகு கைவிசிறியைப் பிரித்து, ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, பித்தளை உருளைகளுக்குக் கிரீஸ் வைத்து மறுபடி மாட்டியதும் ஒரு விரலால் தள்ளினாலே சுற்றுகிறது. வேன் கிளட்ச்சைவிட இது சுலபம்.

வீட்டில் இப்போது துடைப்பம்தான்.

புழுதியுடனும் அன்புடனும்,
வால்


ஆகஸ்ட் 9

டேய்,

நலம். இங்கே கடும் வெயில், இன்ஜின் அறை உன் உலைக்குத் தம்பி.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்தேன். தூசி மெஷின் ஏப்பம் விட்ட இடத்தில் சமையல்காரர் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டார். மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

வேன் கிளட்ச்சைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும்? நீ இன்னும் சைக்கிளுக்குச் செயின் மாட்டத் தெரியாதவன்.

முக்கியமான விஷயம்: வெள்ளையாகத் துத்தநாகம் பூசிய குழாயை உலையில் போடாதே. அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். இரும்பைக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள். செக்கச் சிவப்பு என்றால் இன்னும் பொறு. ஆரஞ்சு என்றால் அடி. வெள்ளையாகிப் பொறி பறந்தால் போயிற்று, இரும்பு எரிகிறது.

அண்ணியிடம் கேட்டதாகச் சொல்.

சித்தப்பா


செப்டம்பர் 2

அன்புச் சித்தப்பா,

நலம், நலம், நலம். மூன்றாவது நலம் பட்டறைக்கல்லுக்கு. தேய்த்து எடுத்ததும் மேல்முகம் பளபளக்கிறது. சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றை அதன் மேல் போட்டால் கிட்டத்தட்டப் போட்ட உயரத்துக்கே எகிறி வருகிறது. நல்ல கல்லுக்கு அதுதான் சோதனையாம்.

கிளட்ச் விஷயம்: பொது அறிவு. செய்தித்தாள் படிப்பேன்.

இரும்பு அடிப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பாக எழுத வரவில்லை. முதல் வாரம் சத்தம்தான், பொருள் இல்லை. கைக்கு வலி, கம்பிக்கு வீக்கம். அப்புறம் ஒரு மதியம், பழைய வேன் ஸ்பிரிங்கில் ஒரு துண்டு ஆரஞ்சு நிறத்தில் வந்தபோது, சுத்தியல் கோபப்படாமல் இறங்கியது. தோளிலிருந்து இல்லை, சும்மா விழுந்தது. கல்லின் மேல் ஒரு தட்டு, இரும்பின் மேல் இரண்டு தட்டு, மறுபடி கல்லில் ஒன்று. அந்தக் கல்லில் விழும் தட்டு வீணில்லை. அந்த நேரத்தில் கண் அடுத்த அடி எங்கே என்று பார்த்துவிடுகிறது. இரும்பு நீண்டது சித்தப்பா. மாவு மாதிரி, ஆனால் மாவைவிடச் சொன்னபடி கேட்டது. நுனியைச் சுருட்டி ஒரு கொக்கி வந்தது. ஆறிய பிறகு அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

யாரும் என்றால் நான். நான் பேசவில்லை.

இதுவரை அடி வாங்கிக்கொண்டே இருந்தவன் அடி கொடுக்கத் தொடங்கிவிட்டேன் என்பதைத் தாங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். முகத்தில் கரி பூசினால் அவமானம் என்பார்கள். எங்கள் தொழிலில் அது சீருடை.

கறுத்த முகமும் வெளுத்த மனமுமாக,
வால்


செப்டம்பர் 2, அதே உறையில்

தம்பிக்கு,

நலமா இருக்கீங்களா? வேளைக்குச் சாப்பிடுங்க. இவன் எழுதுறதில பாதியை நம்பலாம். எந்தப் பாதின்னு நான் சொல்ல மாட்டேன்.

அண்ணி


அக்டோபர் 1

வால்,

நலம். மழையில் நான்கு நாள் துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறோம். அண்ணியின் இரண்டு வரியை அவர் குரலிலேயே வாசித்துக்கொண்டேன்.

உன் போன கடிதத்தை மேஜையில் வாசிக்கவில்லை. அறையில் உட்கார்ந்து தனியாக வாசித்தேன். நீ இப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா ஏதாவது ஒரு வேலை பிடித்துப்போனால் இப்படித்தான் பேசுவார், திடீரென்று கேலி எல்லாம் நின்றுவிடும்.

கொக்கி நல்ல விஷயம். ஆனால் நம் ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும். வெளி ஆள் ஒருவர் வைத்து வேலை செய்ய வேண்டும். டயர்க்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். இந்தத் தடவை உன்னைப் பற்றிப் புகாரும் உண்டு. அவர் கடைப் பலகையில் "டயர்" என்பதற்கு முன்னால் "நான் ரொம்ப" என்று சாக்கட்டியால் எழுதியது யார்?

சித்தப்பா


அக்டோபர் 24

அன்புச் சித்தப்பா,

வீட்டில் எல்லாரும் நலம். பலகை விஷயத்தில் விசாரணை நடக்கிறது. குற்றவாளி ஒத்துழைக்கிறான். தமிழையும் இங்கிலீஷையும் கலந்து எழுதியதுதான் குற்றம் என்கிறான்.

வெளி ஆள் கிடைத்துவிட்டார். நம் தெரு முனையில் கட்டடம் எழும்புகிறதே, அங்கே கல் செதுக்குகிறவர். கொட்டகைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "உளி தீட்டித் தருவீங்களா? பட்டணத்துக்கு அனுப்பினா வர ஒரு வாரம் ஆவுது" என்று ஆறு மழுங்கிய உளிகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறும் கூராயின. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினோம், சுர்ரென்று ஒரு சத்தம், பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை அவர் வந்து கையை விரித்தார். உள்ளங்கையில் உடைந்த நுனிகள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு தட்டுல போச்சு" என்றார். கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த தடவை முக்காமல் தானாக ஆறவிட்டோம். அது கல்லில் பட்டதும் வாழைத்தண்டு மாதிரி மடங்கியது. "இது வெண்ணெய் வெட்ட ஆவும்" என்றார்.

மூன்றாம் தடவை நூலகப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு செய்தது. நுனியை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்து, உடனே சாணைக்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். உளியின் உடம்பில் மிச்சமிருக்கும் சூடு மெதுவாக நுனிக்கு நடந்து வரும். வரும்போது நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா. ஊதா நுனியைத் தொடும் நொடியில் மறுபடி தண்ணீர். ஒரு மூச்சு தாமதித்தால் நீலமாகி இளகிவிடும். அந்த நிறத்துக்காகக் காத்திருக்கும் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும் சித்தப்பா. பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பாது.

கல் செதுக்குகிறவர் நாள் முழுக்க அடித்துப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்தார். உளியைக் காட்டினார். நுனி அப்படியே இருந்தது. "கை இருக்கு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் தன் கூட்டாளிகளின் உளிகளையும் ஒரு பையில் கொண்டுவந்தார்.

ஆக, ஒப்பந்தம் நிறைவேறியது. கொட்டகை கொட்டகையே.

இந்தத் தெருவின் ஒரே கொல்லன்,
வால்


நவம்பர் 16

அன்பு மகனே,

வால் என்று எழுதக் கை வரவில்லை.

நலம். துறைமுகத்தில் இறங்கியபோது உன் உளிக் கடிதத்தை எங்கள் பழைய சீஃப் இன்ஜினியரிடம் காட்டினேன். ஓய்வு பெற்றுக் கருவிகள் செய்யும் பெரிய தொழிற்கூடம் நடத்துகிறார், கூடவே பயிற்சிப் பள்ளியும். இரண்டு தடவை வாசித்தார். "இந்த வயசுல நிறம் பார்த்துப் பதம் பிடிக்கத் தெரிஞ்ச பையனை நான் பார்த்ததில்லை. என்கிட்ட அனுப்பு" என்றார். விடுதியில் இடம் போட்டாயிற்று. புது வருடத்திலிருந்து நீ அங்கே. டிசம்பரில் நான் வரும்போது அவரும் வருகிறார். அவர் முன்னால் ஓர் உளி செய்து காட்டு, போதும்.

இத்தனை நாள் உன்னை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறேன். அப்பா இல்லாத பிள்ளை, விளையாட்டாகவே போய்விடுவானோ என்று. இனிமேல் இல்லை.

நீ போன பிறகு அந்த உலைக்கு வேலை இல்லை. ஆகவே ஜனவரியிலிருந்து கொட்டகையை எடுத்துக்கொள்ளலாம் என்று டயர்க்காரருக்கு எழுதிவிட்டேன். அண்ணிக்கும் சத்தம், புகைத் தொல்லை விட்டது. நீ வருத்தப்படாதே. உனக்கு இதைவிடப் பெரிய உலை காத்திருக்கிறது.

பெருமையுடன்,
சித்தப்பா


டிசம்பர் 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தேன், புத்தகத்துக்குள் வைத்தேன், சட்டைப்பையில் வைத்தேன். எங்கே வைத்தாலும் அது சுடுகிறது. "மகனே" என்று வேறு எழுதிவிட்டீர்கள். திட்டியிருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த உளிகளை நான் செய்யவில்லை. அம்மா செய்தாள்.

கொக்கியும் அம்மாதான். களிமண் பூசியது, விசிறியைப் பிரித்து மாட்டியது, எல்லாம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்ததும் அப்பாவின் பழைய பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போவாள். மாலை மணி அடிக்கும் நேரத்துக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு வேன் எடுப்பாள். சுத்தியலைக் கோபப்படாமல் இறக்கியது அவள் தோள். தோள்வலி போனது அதனால்தான். நிறத்துக்காகக் காத்திருந்தது அவள் முகம். வாசலிலிருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் எழுத முடிந்தது. கல் செதுக்குகிறவர் சொன்னதும் முழுதாக இதுதான்: "உங்களுக்குக் கை இருக்கும்மா."

சொல்லக் கூடாது என்றது அம்மா. தாழ்ப்பாள் திறந்த அன்றே சொன்னாள். அப்பா போன பிறகு அவள் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "லாரியெல்லாம் வேண்டாம் அண்ணி, நான் இருக்கேன் இல்ல" என்று துறைமுகத்திலிருந்து போன் செய்தீர்கள். அவள் சரி என்றாள். லைசென்ஸ் இன்னும் டப்பாவில் இருக்கிறது. "அவர் நல்லவர்டா. நல்லவங்க நமக்காகப் பயந்தா, நாம ஆசைப்பட்டதை விட்டுடத் தோணும். இதை விட்டுட எனக்கு மனசில்ல. நீ பேர் வாங்கிக்கோ, நான் வேலையை வச்சுக்கிறேன்" என்றாள். எனக்குப் பேர் சும்மா கிடைக்கிறதே என்று வாங்கிக்கொண்டேன். அது இவ்வளவு கனக்கும் என்று தெரியாது.

டயர்க்காரர் நேற்று அளவு நாடாவுடன் வந்தார். உலை மேடையை இடித்தால் இன்னும் இரண்டு வரிசை அடுக்கலாம் என்றார்.  உங்கள் கடிதத்தைப் பற்றி அம்மா, "பெரிய பள்ளிக்கூடம்டா, போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் குறடுகளுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் கட்டி வைத்தாள். கட்டி வைத்த பிறகும் அங்கேயே நின்றாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது.

டயர்க்காரருக்கு வேண்டாம் என்று எழுதுங்கள் சித்தப்பா. உங்கள் சீஃப் இன்ஜினியர் கண்டிப்பாக வரட்டும். ஊதா வரும் நொடியைப் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். அவரைவிட நன்றாகச் செய்யும் ஆள் எந்தப் பயிற்சிப் பள்ளியில் இருந்தாலும் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அம்மாவுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். கண்ணாடி போடுகிறாள், பருத்தி போடுகிறாள், துத்தநாகக் குழாயை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள். நீங்கள் எனக்கு எழுதிய எச்சரிக்கை எல்லாவற்றையும் கேட்டு நடந்தது அவள்தான்.

இதையெல்லாம் படித்த பிறகு, "சரி, நீ என்னடா செய்தாய்" என்று கேட்பீர்கள். விசிறி சுற்றினேன். உலைக்குக் காற்று கொடுப்பதும் தொழிலில் பாதி என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உண்மை எழுத உட்கார்ந்துவிட்டேன், முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

பொறி பறந்தால் எனக்குப் பயம். தூசி மெஷின் ஏப்பம் விட்ட நாளிலிருந்து உலைக்குப் பக்கத்தில் நிற்கவே வரவில்லை. அம்மா ஒரு வார்த்தை கேலி பண்ணவில்லை. ஒருநாள் மதியம் விசிறியின் கைப்பிடியைக் கழற்றி, அதற்குப் பதிலாக நீளமாக ஒரு கம்பியை அடித்து, சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாக வெளியே நீட்டிவிட்டாள். இந்தத் தெருவின் ஒரே கொல்லன் வேலை செய்வது கொட்டகைக்கு வெளியே, மர நிழலில், கண்ணை மூடிக்கொண்டு.

தலைகுனிவுடன்,
விசிறி